எச்சில் வேலை

பார்த்தசாரதி ஏலத்தில் எடுத்த பெஞ்சு அயனம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மீன்பாடி வண்டியை மிதித்து வந்த துலுக்கானம், ஏரிக்கரை மேட்டில் இறங்கித் தள்ளிய களைப்பில் வாசலில் நின்று தண்ணீர் கேட்டான். பார்த்தசாரதி முதலில் பெஞ்சின் கால்களில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். தண்ணீர் பிறகுதான் வந்தது, அதுவும் அவர் மனைவி ஜெகதாம்பாள் தானாகக் கொண்டுவந்து கொடுத்ததால்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக் கிடந்த பொம்மைக் கம்பெனியின் சாமான் அது. வெளிநாட்டுக்காரன் அச்சு கொடுக்க, இங்கே வார்த்து வண்ணம் தீட்டி டப்பாவில் அடைத்த வீரர் பொம்மைகள். ஒரு சாண்கூட உயரமில்லை, ஆனால் முழங்கை மடங்கும், இடுப்பு திரும்பும், கை துப்பாக்கி பிடிக்கும். அங்கே பெயின்ட் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவர் பார்த்தசாரதி. துலுக்கானம் பேக்கிங்கில் இருந்தவன்.

"இந்த பெஞ்சையா சார் எடுத்த? இது சொர்ணக்கா குந்திகினு இருந்த எடமாச்சே."

"எந்த சொர்ணம்?"

"கண்ணு எழுதுமே சார். கடைசி வரிசை, மூலைல."

"அங்க அத்தனை பொம்பளைங்க. எல்லாம் ஒரே மூஞ்சி. எவ சொர்ணம், எவ வெள்ளின்னு யார் பார்த்தா? பெஞ்சை உள்ளே போடுய்யா."

துலுக்கானம் பெஞ்சைப் பின்கட்டு அறையில் போட்டான். அதோடு வந்த ஸ்டூலை மட்டும் கையால் தூக்காமல் காலாலேயே தள்ளிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தினான். கூலியை எண்ணிப் பார்க்காமலே கிளம்பிவிட்டான்.

பார்த்தசாரதிக்கு இந்த உலகத்தில் மதிக்கத்தக்கதாகத் தெரிந்தவை தன் வலது கையும் தன் கண்களும்தான். ஐம்பத்தைந்து வயதிலும் கண்ணாடி போடாதவர். ஜெகதாம்பாளின் தடிக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் "சோடாபுட்டி" என்று ஒரு தரமாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. கண்ணாடி போட்டவன் சோம்பேறி, படித்தவன் முட்டாள், படிக்காதவன் மாடு என்பது அவருடைய மொத்த ஞானம். கம்பெனி மூடியதும் அத்தனை பேரும் வேறு வேலை தேடி அலைந்தார்கள். இவர் பழைய பொம்மைகளைப் புதுப்பித்துக் கொடுக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்கும் ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. சின்ன வயதில் விளையாடிய பொம்மையைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. முதுகுத் திருகைக் கழற்றி, இடுப்புக்குள் இற்றுப்போன ரப்பர் வளையத்தை மாற்றுவார். சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பழைய பெயின்ட்டை எடுப்பார். குழந்தைகள் கடித்த பல் தடங்களை அடைத்துத் தேய்த்து, சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, புருவம் என்று ஒவ்வொன்றாக வண்ணம் கொடுப்பார். கண் மட்டும் கடைசியில். வெள்ளை, அது காய்ந்ததும் கருமணி, கருமணிக்குள் ஊசி முனையளவு ஒளிப்புள்ளி. புள்ளி விழுந்ததும் பொம்மை நேராகப் பார்க்கும்.

கம்பெனியில் கண் எழுதிய பெண்களெல்லாம் அயனம்பாக்கம், வேப்பம்பட்டுப் பக்கத்தவர்கள். வயலில் நாற்று நட்ட கைகள். பிரஷ்ஷின் முனை பிரிந்தால் அதை உதட்டில் வைத்து இழுத்து நாக்கில் கூராக்குவார்கள். ஹால் முழுக்க அந்தச் சின்னச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ச். ச். ச். பார்த்தசாரதிக்கு அதைக் கேட்டாலே குமட்டும். "எச்சில் வேலை" என்று அதற்குப் பெயர் வைத்தார். மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டுதான் வரிசைக்குள் நடப்பார்.

அவர்களில் மூலை பெஞ்சுக்காரி ஒருத்தி வெற்றிலையும் போடுவாள். கிராம்பு வாசனை நாலு வரிசை தாண்டி வரும். மிஞ்சிய சுண்ணாம்பைப் பெஞ்சின் அடியில் துடைத்துக்கொள்வாள். அவள் எழுதிய பொம்மைகள் நேராகப் பார்க்காது. கருமணி ஓரமாகப் போய் நிற்கும், பக்கத்தில் யாரோ கூப்பிட்டது காதில் விழுந்ததுபோல. பார்த்தசாரதி அவற்றைக் கூடையோடு அவள் காலடியில் கொட்டுவார்.

"வெளிச்சமே இல்ல சார். தல மேல ஒரு டியூப்லைட் போட்டுக் குடு சார்," என்று கேட்டாள் அவள். அதே பேச்சை மாதக் கணக்கில் கேட்டாள். கண் பூத்துப்போகிறது என்றாள்.

"உன் மூஞ்சிக்குக் காடா விளக்கே அதிகம்," என்றார் அவர்.

ஸ்டோரில் டியூப்லைட்டுகள் அட்டை பிரிக்காமல் கிடந்தன. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவர் போடவில்லை. போடாததற்குக் காரணமும் கிடையாது, அவளுக்கு எதற்கு என்பதைத் தவிர. கடைசியில் பார்வை மங்கி, அவள் கருமணியை மூக்கின் மேல் எழுதிய அன்று வெளியே அனுப்பினார். அவள் அழவில்லை. வாசல்வரை சுவரைத் தடவிக்கொண்டு போனவள் திரும்பி, "சார், ஒரு தபா என் எடத்துல குந்திப் பாரு சார்," என்றாள். அதை அவர் பல நாள் டீக்கடையில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். பேரை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த பெஞ்சில்தான் இப்போது உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தது ஜேம்ஸ் கொடுத்த பொம்மை. அண்ணாநகரில் அப்பாவின் வீடியோ கேசட் கடையைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். அது அவன் ஏழாம் வகுப்பில் வாங்கிய சிப்பாய். கட்டைவிரல் பட்டுப் பட்டு முகமே அழிந்திருந்தது. பார்த்தசாரதி வழக்கம்போல எல்லாம் முடித்துக் கண் எழுதி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். சிப்பாய் நேராக முறைத்தான். தன் கைக்குத் தானே ஒரு சபாஷ் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டுத் திரும்பியபோது சிப்பாய் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரம் காய்வதற்குள் பெயின்ட் இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு துடைத்தார். மறுபடி எழுதினார். காய்ந்ததும் தொட்டுப் பார்த்து, ஜன்னல் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு ஏரிப்பக்கம் ஒரு நடை போய் வந்தார். சிப்பாய் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான். பார்த்தசாரதிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் அலமாரியில் இருந்த மற்ற பொம்மைகளைக் கவனித்தார். போன மாதம் அவரே கண் எழுதிக் காய வைத்தவை.

வலது தட்டில் இருந்தவை இடப்பக்கம் பார்த்தன. இடது தட்டில் இருந்தவை வலப்பக்கம் பார்த்தன. மேல்தட்டில் இருந்தவை கீழே பார்த்தன.

எல்லாம் ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஸ்டூலில் யாரும் இல்லை.

வெளியே வெயில் இருந்தது. ஏரியில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அறைக்குள் மட்டும் மூலைகளில் வெளிச்சம் சுண்டிப்போய், மழை வரப்போகிற மாதிரி இருந்தது. பார்த்தசாரதி பெஞ்சுக்குப் போய், காலையில் அலசித் துடைத்து வைத்த பிரஷ்ஷை எடுத்தார்.

முனை ஊசியாகக் கூர்த்திருந்தது.

ஈரமாக இருந்தது.

விரலில் ஒட்டியது சிவப்பு. பெயின்ட் என்று முகர்ந்தார். கிராம்பு வாசனை அடித்தது.

பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பின்வாங்கியவர், விழாமலிருக்கப் பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். விரல்கள் அடிப்பக்கத்தில் எதிலோ பதிந்தன. கையைத் திருப்பிப் பார்த்தார். சுண்ணாம்பு, இப்போது துடைத்ததுபோலக் குளிர்ந்து குழைந்து இருந்தது. அப்போது பின்னால், காதுக்கு மிக அருகில், அந்தச் சத்தம் கேட்டது.

ச்.

பயந்தார். பார்த்தசாரதியைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புவரை ஓடினார். துலுக்கானம் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"அந்த பெஞ்சைத் தூக்கிக்கிட்டுப் போய்டு. கூலி நீ கேக்கறது."

துலுக்கானம் எழுந்திருக்கவில்லை. "சொர்ணக்கா செத்துப் பூட்ச்சி சார். போன ஆடில. கண்ணு சுத்தமா தெர்ல. கரைன்னு நெனச்சிகினு ஏரிக்குள்ள நடந்து பூட்ச்சி. இன்னொரு தபா நான் அத்தத் தொட மாட்டேன் சார்."

"ரேட்டை ஏத்தறியா?"

"ஒண்ணு மட்டும் சொல்றேன் சார். அது செஞ்ச வேலைய அதுதான் செஞ்சிச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. பேரச் சொல்லு. போதும்."

கூலிக்காரன் புத்தி சொல்கிறான் என்று பார்த்தசாரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் பாதி போய்விட்டது. பெஞ்சை நாளைக்கு உடைத்து அடுப்பில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து வீடு திரும்பினார். வாசலில் ஜேம்ஸின் பைக் நின்றது. ஜெகதாம்பாள் அவனை அறைக்குள் உட்கார வைத்திருந்தாள். அவன் உள்ளங்கையில் சிப்பாய் இருந்தான்.

"சார்," என்றான் ஜேம்ஸ். "என்கிட்ட எத்தனையோ பொம்மை இருந்தது சார். எல்லாம் நேரா முறைக்கும். இது மட்டும் இப்படித்தான் ஓரமா பார்க்கும். யாரோ கூப்பிடறதைக் கேக்கற மாதிரி. அதனாலதான் இதைத் தூக்கிப் போடவே இல்லை. அந்தக் கண்ணு திரும்ப வரும்னு நான் நினைக்கவே இல்லை."

பார்த்தசாரதி சிப்பாயைப் பார்த்தார். அவர் கூடையிலிருந்து எப்படியோ தப்பிக் கடைக்குப் போன பொம்மை அது.

"இந்தக் கண்ணை யார் சார் எழுதினது?"

அலமாரிப் பொம்மைகள் அத்தனையும் ஸ்டூலை விட்டுவிட்டு இப்போது அவர் வாயைப் பார்த்தன. ஒரு பெயர்தான். கொஞ்ச நேரம் முன்புதான் துலுக்கானம் அதை அவர் காதில் போட்டிருந்தான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு எச்சில்காரியின் பேரை, அண்ணாநகரிலிருந்து பைக்கில் வந்த ஒருவன் முன்னால் சொல்வதா?

"நான்தான்," என்றார் பார்த்தசாரதி. "இந்தக் கை இல்லாம இது வருமா?"

ச்.

ஜேம்ஸ் திரும்பிப் பார்த்தான். "யாராவது இருக்காங்களா சார்?"

"எலி," என்றார்.

ஜேம்ஸ் தன் மீதிப் பொம்மைகளையும், நண்பர்களின் பொம்மைகளையும் கொண்டுவந்து கொட்டினான். எல்லாவற்றுக்கும் அதே கண் வேண்டும் என்றான். பெஞ்சை உடைக்கும் யோசனையை பார்த்தசாரதி மறந்தேபோனார். பாராட்டு வந்தால் பயம் எங்கே நிற்கும்.

ஆனால் அறை இருட்டிக்கொண்டே வந்தது. பெஞ்சுக்கு மேலே ஒரு டியூப்லைட் மாட்டினார். பக்கத்தில் இன்னொன்று மாட்டினார். மூன்றாவதையும் மாட்டியபோது எலக்ட்ரீசியன் ஆனந்தன், "கண்ணு கூசுது சார்," என்று கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். பார்த்தசாரதிக்கு அவன் கையே தெரியவில்லை. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார். டாக்டரும் முட்டாள்தான் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தவர், படி தெரியாமல் தடுக்கி விழுந்தார். ஜெகதாம்பாள் தூக்கி நிறுத்தினாள். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கருத்துக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு பொம்மையின் கண் அளவுக்கு வெளிச்சம் மிஞ்சி, ஆடி மாதத்தில் ஒரு நாள் அதுவும் போயிற்று.

அன்று அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்து உட்கார்ந்தார் என்று அவருக்கு நினைவில்லை.

"லைட்டைப் போடு," என்றார்.

"மூணும் எரியுதுங்க," என்றாள் ஜெகதாம்பாள். குரல் வாசல் பக்கமிருந்து வந்தது.

"ஜன்னலைத் திற."

"திறந்துதான் இருக்கு. ஜேம்ஸ் தம்பி இப்பதான் வந்துட்டுப் போச்சு. நேத்து எழுதினதெல்லாம் ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிச்சு."

"நேத்து நான் எதையும் எழுதலையே."

"நான்தான் பக்கத்துலயே நின்னேனே. நாள் பூராவும் தலையைத் தூக்காம எழுதினீங்க. கூப்பிட்டாகூடத் திரும்பலை."

பார்த்தசாரதி வாயை மூடிக்கொண்டார். நாக்கில் பெயின்ட்டின் கசப்பு இருந்தது. அதற்குக் கீழே ஒரு காரமும் துவர்ப்பும். கையில் பிரஷ் இருந்தது. அதை எடுத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை, விரல்கள் விடவும் மறுத்தன.

ஜெகதாம்பாள் கிட்டே வந்தாள். வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஏங்க," என்றாள், குரல் தணிந்து. "நீங்க எப்பலேருந்து வெத்தலை போட ஆரம்பிச்சீங்க?"

சொர்ணம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை உண்மையாகவே சொல்ல நினைத்தார். உள்ளே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"வெளிச்சமே இல்ல சார்," என்றது அவர் வாய், மனைவியைப் பார்த்து. "தல மேல ஒரு டியூப்லைட் போட்டுக் குடு சார்."

பிறகு கை தானாக உயர்ந்து, பிரஷ்ஷின் முனையை உதட்டில் வைத்து இழுத்தது.

ச்.