மணல்தொட்டி நேர்காணல்

காலை இட்லியைப் பிட்டு வாயில் போட்டபடியே, செவ்வாயின் இரண்டு நிலவுகளும் அன்று எத்தனை மணிக்கு எழும் என்று மனக்கணக்காகச் சொன்னாள் நறுமுகை. வயது நான்கு. அம்மா பவளக்கொடிக்கு அழுகையே வந்துவிட்டது.

"கேட்டீங்களா? இதையும் தப்பில்லாம சொல்றா! இவளுக்கு எப்படிங்க பாலர் பள்ளியில இடம் கிடைக்கும்?"

செவ்வாய்க் குடியிருப்பில் பிறக்கும் குழந்தைகளுக்கு, காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஓர் அறிவுவித்தைப் பதித்துவிடுவார்கள். பேச்சு வரும்போதே கணிதமும் இயற்பியலும் பத்துப் பன்னிரண்டு மொழிகளும் கூடவே வந்துவிடும். பள்ளியில் கற்றுத்தர மிச்சமிருந்தது ஒன்றுதான்: இன்னொரு குழந்தையோடு விளையாடுவது. அதனால் நேர்காணலில் எதுவும் கேட்கமாட்டார்கள். நச்சு நீக்கிய மணல் நிரம்பிய தொட்டியில் குழந்தையை இறக்கிவிட்டுப் பார்ப்பார்கள். விளையாட வரவில்லை என்றால் இன்னொரு வருடம் வீட்டுச் சுவர்த்திரையோடு தனியாக இருக்க வேண்டியதுதான்.

அப்பா செண்பகராஜன் சும்மா இருப்பாரா? மகளை விளையாட்டு டியூஷனில் சேர்த்திருந்தார். வியப்படைதல், காரணமின்றிச் சிரித்தல், மணல்வீடு கட்டுதல் என்று வரிசையாகப் பாடங்கள். தினமும் வீட்டுப்பாடம் வேறு.

"அப்பா, இன்னிக்குச் சிரிக்க வேண்டியதெல்லாம் சிரிச்சு முடிச்சுட்டேன். தூங்கலாமா?" என்பாள் நறுமுகை, கொட்டாவி விட்டபடி.

நேர்காணல் நாளில் பெற்றோர்கள் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றார்கள். தொட்டி ஓரத்தில் அல்லி டீச்சர் அமர்ந்திருந்தாள். அவள் ஓர் இயந்திரப்பெண்.

நறுமுகை மணலில் கால் வைத்தாள். "ஆகா! மணல்! எவ்வளவு மென்மை!" என்றாள். மூன்று முறை சிரித்தாள். மூலைமட்டம் பிசகாமல் ஒரு வீடு கட்டினாள். எதிரே யூசுப் என்ற பையனும் அதையே சொல்லி, அதேபோல் சிரித்து, அதே வீட்டைக் கட்டினான். அவனும் அதே டியூஷன்தான். அல்லி டீச்சரின் கண்ணில் இருந்த நீல விளக்கு மங்கியது. பவளக்கொடி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பாடத்துக்கு வாளி வேண்டும். தொட்டியில் இருந்ததோ ஒன்றே ஒன்று; அது நறுமுகையின் கையில்.

"குடு, எனக்கு வேணும்."

"எனக்கும்தான் வேணும்!"

யூசுப் வெடுக்கென்று பிடுங்கினான். நறுமுகை ஒரு கை மணலை அள்ளி அவன் தலையில் கொட்டினாள். அவன் ஓவென்று அலறினான். அவன் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் அவளும் அலறினாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:

"வலிக்குதா உனக்கு?"

இதற்கு அறிவுவித்தில் பதில் இல்லை. யூசுப் யோசித்தான். "தெரியல. காதுக்குள்ள மணல் போயிடுச்சு. கூசுது."

அவள் குனிந்து அவன் காதுக்குள் எட்டிப் பார்த்தாள். அந்த மூச்சு பட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. மூன்றோடு நிற்கவில்லை. இருவரும் விழுந்து புரண்டதில் இரண்டு வீடுகளும் தரைமட்டமாயின.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று முகத்தை மூடிக்கொண்டார் செண்பகராஜன்.

அல்லி டீச்சர் வெளியே வந்தாள். "ரெண்டு பேருக்கும் இடம் உண்டு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. மாத்துத் துணி மறக்காதீங்க, நிறைய வேணும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் பவளக்கொடி பூரித்துப் போயிருந்தாள். "இனிமே டியூஷனே வேணாங்க. பிள்ளைங்க பாட்டுக்கு இருக்கட்டும்." அவரும் தலையாட்டினார்.

சேதி குடியிருப்பு முழுக்கப் பரவியது. அடுத்த வாரமே கடைவீதியில் புதிய பயிற்சி மையம் ஒன்று முளைத்தது: 'வாளிச் சண்டை! தலையில் மணல் கொட்டுதல், சேர்ந்து அழுதல், சமாதானம் ஆதல். முழுப் பயிற்சி!' வாசலில் நறுமுகையின் படம். வரிசை தெருமுனை வரை நீண்டது.

பவளக்கொடி கணவரைத் தொலைபேசியில் அழைத்தாள். "எங்கங்க இருக்கீங்க? குட்டித்தம்பியையும் காணோமே?"

"இங்கதான்..." செண்பகராஜன் தோளில் கிடந்த ஆறு மாதக் கைக்குழந்தையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "சண்டை கிளாசுக்கு இப்பவே இவன் பேரைக் குடுத்து வெச்சுடலாம்னு..."

பவளக்கொடி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர்?"

"யாருமில்ல. நான்தான் முதல்."

"நல்லதாப் போச்சு. அழுகை கிளாசுக்கும் சேர்த்தே குடுத்துடுங்க. இவன் எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருக்கான், எனக்குக் கவலையா இருக்கு."