கடலில்லாத ஊரில் ஒரு கிதார்

நாள் முழுவதும் பிறர் கண்களைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மூக்குக் கண்ணாடிக் கடையின் இருட்டறையில் வருகிறவர்களை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, எது தெளிவு என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சலித்தவளுக்கு, கிதார் பழுது பார்க்கும் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவனின் கண்களை மட்டும் இன்னொரு முறை பார்க்கத் தோன்றியது... ஏனென்று அவளுக்கே புரியவில்லை.

அன்று அவள் தன் எலெக்ட்ரிக் கிதாருக்குப் பிக்கப் மாற்ற வந்திருந்தாள். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் காந்தப் பட்டை அது. கம்பியின் துடிப்பை ஒலிபெருக்கிக்குக் கொண்டுபோவது அதுதான். அவள் கிதாரில் இருந்ததற்கோ தடித்த, முரட்டுக் குரல். அவள் வாசிக்க ஆசைப்பட்டது சர்ஃப் இசை. அலைமேல் சறுக்கி விளையாடுகிறவர்களின் இசை. ஒவ்வொரு சுரமும் துளித்துளியாகத் தெறிக்க வேண்டும். பின்னாலேயே எதிரொலி ஈரமாக வழிய வேண்டும்.

கடைக்கார அக்கா எடுத்துப் போட்ட பிக்கப்புகளில் ஒன்று காதைக் கிழித்தது. இன்னொன்றில் எதிரொலி சேறாகக் கலங்கியது.

“சத்தம் பெருசா வேணாம்க்கா. தெளிவா இருந்தா போதும். அலை அடிக்கிற மாதிரி...”

வாசலில் நின்றவன் சிரித்துவிட்டான். “அலையா? நம்ம ஊர்ல ஏரியே வத்திப் போச்சுங்க.”

அவள் திரும்பி முறைத்தாள். “இருக்கிறதை வாசிக்க ஊர்ல எல்லாரும் இருக்காங்க. நான் இல்லாததைத்தான் வாசிக்கிறேன்.”

அவன் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து, தோளில் இருந்த கிதாரை மேசைமேல் வைத்தான். லிஃப்ட் மெக்கானிக்காம். சேர்ந்து வாசிக்கும் நண்பர்கள் இடி மாதிரி சத்தம் கேட்கிறார்களாம். தன்னுடையது மெலிந்த குரலாம். அதைக் கழற்றிவிட்டு முரட்டுப் பிக்கப் ஒன்று மாட்ட வேண்டுமாம். அக்கா அவனையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள். அவன் கிதாரை ஒலிபெருக்கியில் இணைத்து அவள் கையில் கொடுத்தாள்.

அவள் கம்பியில் விரல் வைத்தாள்.

கடை முழுக்க ஈரம் பரவியது போலிருந்தது. கண்ணாடிச் சில்லுகளாகச் சுரங்கள் தெறித்தன... எழுந்தன... உடைந்து திரும்பிப் போயின. வெளியே பெய்த மழைகூட ஒரு நிமிடம் வேறெங்கோ தள்ளிப் போய்விட்டது. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“எனக்கு இதுதான் வேணும்” என்றாள். குரல் ஏனோ இறங்கிவிட்டது.

“எடுத்துக்கங்க” என்றான் அவன்.

இரண்டு கிதாரிலும் குழி ஒரே அளவு. அவளுடையது அவனுக்கு, அவனுடையது அவளுக்கு. அக்கா பற்றவைத்து முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டது. அங்கே நிற்க இருவருக்கும் வேறு காரணம் இல்லை. போய்விட்டார்கள்.

அடுத்த வாரமே கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றான். கண் மங்கலாகத் தெரிகிறதாம், கிதார் கடை அக்காதான் இந்தக் கடையைச் சொன்னாளாம். இருட்டறையில் உட்கார வைத்தாள். அடிவரிசைப் பொடி எழுத்து வரை தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தான். இவ்வளவு நல்ல கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி என்று அவள் கேட்டதும், அவன் திணறிப்போய், “அந்தப் பிக்கப் எப்படி இருக்கு?” என்றான்.

அப்புறம் அம்மாவுக்குக் கண்ணாடிச் சட்டம் பார்க்க வந்தான். லென்ஸ் துடைக்கும் துணி வாங்க வந்தான். ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாய் எடுப்பான்... கடைசியில் பிக்கப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விடுவான். அவளும் மாலையானால் வாசல் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கப் பழகிவிட்டாள்.

கம்பி வாங்கப் போன ஒரு நாள், அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அது அந்தத் தம்பி ஆசை ஆசையாகத் தேடி வாங்கின பிக்கப். கழற்றினதிலிருந்து பித்துப் பிடித்த மாதிரி திரிகிறான்.

அவளுக்குச் சுருக்கென்றது. இதற்குத்தானா? வந்ததெல்லாம் பிக்கப்புக்காகத்தானா? தனக்காக என்று நினைத்து, தினமும் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டு... சே. அன்றே அதைக் கழற்றச் சொன்னாள். அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், எனக்கு வேண்டாம் என்று அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

எதிர்பார்த்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மணி அடிக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது. கிதார் குழி விழுந்த நெஞ்சோடு கட்டிலடியில் கிடந்தது. ஏன் இப்போதெல்லாம் வாசிப்பதில்லை என்று அம்மா கேட்டாள். வேலை அதிகம் என்றாள். மழை பெய்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மனசு கேட்காமல் ஒரு நாள் அக்கா கடைக்குப் போனாள். பிக்கப் இழுப்பறையில் அப்படியே கிடந்தது.

“அவர் வாங்கிக்கலையா?”

“வந்தான். நீ வேணாம்னு சொன்னதைச் சொன்னேன். முகம் செத்துப்போச்சு. அவங்களுக்கே வேணாம்னா எனக்கு எதுக்குக்கா-ன்னு போயிட்டான்.” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு பேருக்கும் வாய் எதுக்குத்தான் இருக்கோ.”

அவன் எங்கே வேலையாக இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு, குடையைக்கூட மறந்து நடந்தாள்.

பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் ஓடவில்லை. படியேறினாள். மூன்றாவது மாடியில், திறந்து கிடந்த லிஃப்ட் கதவுக்கு முன்னால் மண்டியிட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவளுக்கு மூச்சிரைத்தது.

“நான் வேணாம்னு சொன்னது... பிக்கப்பைத்தான். நீங்க அதுக்காகத்தான் கடைக்கு வர்றீங்கன்னு நினைச்சேன். அது பொறுக்கல.”

“எதுக்குப் பொறுக்கல?”

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எனக்காக வரணும்னு ஆசைப்பட்டேன். அதான்.”

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். கிரீஸ் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தான்.

“உங்களுக்காகத்தாங்க வந்தேன். அன்னிக்கு நீங்க வாசிச்சதிலிருந்து... வேற எதுவுமே ஓடல. ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதான் வருவேன். உங்களைப் பார்த்ததும் நாக்கு எழும்பாது. வாயில வந்தது பிக்கப்தான்.” நிமிர்ந்து பார்த்தான். “உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

மேல் மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, லிஃப்ட் தயாராகிவிட்டதா என்று கேட்டார்கள்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஆகுங்க” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, அவன் படியில் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.