நாலாவது கம்பம்

உலகத்தில் உள்ள செடிகொடிகள் இரண்டே வகை: கவ்வாத்துக் கங்காணி சிவசாமியின் கத்திக்கு அடங்கியவை, இனிமேல் அடங்கப்போகிறவை. இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக இது வேதவாக்கு. வேதத்தைச் சொன்னவரும் சிவசாமிதான். கேட்டுத் தலையாட்டியவர்கள் அவருக்குக் கீழே கத்தி பிடித்த நாற்பது ஆட்கள். அவர் இதுவரை வெட்டியது தேயிலையை மட்டும்தான் என்பதையும், தேயிலையை எந்த மடையன் வெட்டினாலும் அது துளிர்க்கும் என்பதையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எழுந்து நின்று சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

ஆகவே, அன்றைக்குக் காலையில் பங்களாவின் பின்தோட்டத்தில் கண்ட காட்சி அவருக்கு முதலில் பயத்தைத் தரவில்லை. அவமானத்தைத்தான் தந்தது. முந்தின நாள் தன் கையாலேயே இடமாகச் சுற்றிவிட்ட கொடிகள் அத்தனையும் கம்பங்களில் வலமாகச் சுற்றிக்கொண்டு நின்றன.

அது ஹொப்ஸ் கொடி. பீருக்குக் கசப்பு ஏற்றுவது அதன் பூ. கடையில் வாங்கும் பீர் கழுநீர் என்பது பெரிய தொரையின் கட்சி. அதனால் சீமையிலிருந்து ஈரப்பாசியில் பொதிந்து வேர்களைக் கொண்டுவந்து, நாலு டர்பன்டைன் மரக் கம்பங்களை நாட்டி, கம்பத்துக்கு ஒன்றாக ஊன்றியிருந்தார். ஆறு மாச லீவில் கப்பலேறுமுன் சிவசாமியைக் கூப்பிட்டு, தொரைமார் பேசும் தமிழில் சொன்னார்:

"நாலு கம்பம். நாலுலயும் பூ. இருந்தா நீ தலைக் கங்காணி, தனி வீடு. இல்லே, நீ பில்லு வெட்டு."

தனி வீடு! லயத்து வரிசை வீட்டின் எட்டாம் காம்பராவில் பதினெட்டு வருஷமாக அடுத்த காம்பராக்காரனின் இருமலை எண்ணிக்கொண்டு படுத்த சிவசாமி, அன்றைக்கே கறுப்புக் கோட்டு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். வேட்டிக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே தலைப்பா. தலைக் கங்காணியாவதற்கு வேண்டியதில் முக்கால்வாசி முடிந்துவிட்டதாக அவர் எண்ணம்.

தொரை ஒரு காகிதமும் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பங்களாச் சமையல்காரன் அழகுமுத்து அதைப் படித்துச் சொன்னான்.

"மூணே மூணு விசயந்தாங்க கங்காணி. ஒரு வேருக்கு மூணு துளிர விட்டுட்டு மிச்சத்த வெட்டிப்புடணும். கோயில சுத்துற மாதிரி வலமா சுத்திவிடணும். ஏறினதுக்கப்புறம், இடுப்பு ஒசரத்துக்குக் கீழ இருக்கிறத எல்லாம் உருவிப்புடணும். அடியில காத்து ஓடணுமாம்."

"வெங்காயம் உரிக்கிற பய, எனக்குக் கவ்வாத்து சொல்லித் தாறியா? சாராயச் செடிக்குப் பிரதட்சணம் ஒரு கேடா? பொணத்த சுத்துற மாதிரி எடமா சுத்துவேன்டா. ஏறாம எங்க போயிரும், பாப்பம்."

"அப்புடி எல்லாம் சொல்லாதீங்க. அதுக்கு முன்னால வச்சு."

"கேட்டுச்சுன்னா என்னா பண்ணும்? மேல எழுதிப் போடுமா?"

கொடி கேட்டதோ என்னவோ, மறுநாள் காலையில் வலமாக நின்றது. சிவசாமி அழகுமுத்துவின் காதைப் பிடித்தார்.

"நீதானடா பிரிச்சுச் சுத்துன?"

"ஐயோ, நான் அதுகிட்டயே போறதில்லீங்க. நேத்து உடுப்பு காயப்போடப் போனப்ப சட்டையப் புடிச்சிருச்சு."

"சட்டையப் புடிக்க அது என்ன ஒம் பொண்டாட்டியா?"

மறுபடி இடமாகச் சுற்றி, சாணுக்குச் சாண் தென்னங்கயிற்றால் இறுக்கி முடிந்தார். காலையில் முடிச்சுகள் எல்லாம் முடிச்சாகவே இருந்தன. உள்ளே கொடி இல்லை. அது பக்கத்திலேயே, வலமாக, அவர் தலைப்பாவின் உயரத்துக்கு ஏறி, நுனியை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றது. காற்று இல்லை.

சிவசாமிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கத்தியை எடுத்தார். நாலு கொடியையும் கணுக்கால் உயரத்தில், தேயிலையை வெட்டுவதுபோல் சாய்வெட்டாக, ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளினார். கொடித் தண்டில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி முள் இருந்தது. வெட்டிப்போட்ட பிறகும் அது மணிக்கட்டை விடவில்லை. பிய்த்து எறியவேண்டியிருந்தது.

அன்றைக்குச் சோறு போடும்போது அவர் மனைவி வேலாயி கையைப் பார்த்தாள்.

"இது என்ன, கையச் சுத்திச் செவப்பா வரி வரியா?"

"கொடி கீறிருச்சு."

"கொடி கீறுனா குறுக்கால கீறும். இது வளவி போட்ட மாதிரி சுத்தியிருக்கு." பிறகு, அவளுக்கே உரிய பாசத்தோடு, "ஒரு பீர்க்கங்கொடிய அடக்கத் துப்பில்ல, கோட்டு மட்டும் வாங்கியாச்சு," என்றாள்.

வெட்டிய தேயிலை துளிர்க்க மாசக்கணக்காகும். இது மூன்றாம் நாள் முழங்காலுக்கு வந்தது. இரண்டு கிழமையில் மூன்று கம்பங்களின் உச்சியையும் தொட்டது. மூன்றிலும் பச்சைப் பூக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. சிவசாமி ஒரு இலையையும் கிள்ளவில்லை. ஆனால் வேருக்கு மூன்று தண்டுகள்தான் நின்றன. இடுப்புக்குக் கீழே இலை இல்லை. இதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எல்லாம் தன் கைவேலை என்று மட்டும், மலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொல்லிவைத்தார்.

நாலாவது கொடிதான் கம்பம் ஏறவில்லை. தரையிலேயே மூன்று நுனிகளும் நிமிர்ந்து நின்றன. அவர் கிழக்கே நின்றால் கிழக்கே சாய்ந்தன. மேற்கே போனால், கொஞ்சம் பொறுத்து, மேற்கே.

தொரை வருகிற நாளும் வந்தது. அழகுமுத்து காரில் ஏறி ஹட்டன் ஸ்டேசனுக்குப் போய்விட்டான். பங்களாவில் ஒரு ஈ காக்கா இல்லை. நாலு மணிக்கே மிசிறு என்கிற மூடுபனி இறங்கி, தேயிலை மலையை அழித்து, கோழிக்கூட்டை அழித்து, சமையல்கட்டின் புகைபோக்கியையும் அழித்துவிட்டு, நாலு கம்பங்களையும் சிவசாமியையும் மட்டும் மிச்சம் வைத்தது. பூக்களிலிருந்து ஒரு மணம் வந்தது. பூண்டும் புளித்த கள்ளும் வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியும் கலந்த மணம், இழுக்க இழுக்க மண்டைக்குள் போய்க் கண்ணிமையின்மேல் உட்கார்ந்துகொள்கிற மணம்.

நாலு கம்பம். தொரை எண்ணுவார். மூன்று இருந்தால் புல்லுவெட்டு. தான் அதட்டிய நாற்பது பேரும் பார்த்திருக்க, குனிந்து புல்லுவெட்டு.

சிவசாமி கத்தியைக் கம்பத்தில் கொத்தி வைத்தார். நாலாவது கொடியைத் தூக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தணிந்தார்.

"வலமாவே சுத்துறேன், சாமி. ஏறிரு."

சுற்றினார். வழுக்கி விழுந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை, பிடித்துக்கொள்ளட்டும் என்று கம்பத்தோடு கையையும் சேர்த்து அணைத்து, அசையாமல் நின்றார். கொடி அசைந்தது. கோட்டுத் துணியில் சரசரவென்று, சாக்கில் அரிசி இழுபடுவதுபோல் ஒரு சத்தம். முழங்கையில் ஈரம். அக்குளில் ஈரம். தூக்கம் வந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிடத் தூக்கம் பெரிதாக இருந்தது.

கண் விழித்தபோது கம்பத்தைக் காணோம்.

அது தரையில் கிடந்தது. அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

கால் நகரவில்லை. கழுத்து திரும்பவில்லை. எங்கோ பக்கத்தில் ஒரு சத்தம். சறுக். அவருக்குப் பழகிய சத்தம். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட சத்தம். நல்ல கத்தி, நல்ல கை, ஒரே இழுப்பு. சறுக்.

வலது கை தலைக்கு மேலே நின்றது. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார். விரல்களை எண்ணினார். மூன்று. திரும்பவும் எண்ணினார்.

மூன்று.

வலிக்கவில்லை. வெட்டு சாய்வாக, பிசிறில்லாமல் இருந்தது. வேறொருவன் வெட்டியிருந்தால் பாராட்டியிருப்பார்.

கத்த வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் நுனி போனது. நாக்கில் கசப்பு. காதோரம் பூ. தலைப்பா இருந்த இடத்தில் பூ. கீழே ஏதோ உருவப்பட்டது. மெல்ல. பொறுமையாக. குளிர்.

ஹோர்ன் சத்தம். கார் வளைவுகளில் ஏறி வந்தது. பேச்சுக் குரல்கள். தொரை, தொரைசானி, பின்னால் பெட்டியோடு அழகுமுத்து. லீவு முடிந்து வந்த மனுசர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பின்தோட்டத்துக்குத்தான் வந்தார். மிசிறுக்குள் டோர்ச் வெளிச்சம் ஒவ்வொன்றாகத் தொட்டது.

"ஒன்னு. ரெண்டு. மூணு." வெளிச்சம் சிவசாமியின் முகத்துப் பூக்களில் நின்றது. "நாலு! நாலுலயும் பூ. சபாஷ். எங்கே கங்காணி?"

கங்காணி சொல்ல நினைத்தார். தொண்டைக்குள் ஒரு இலை விரிந்தது.

"மூணு துளிர், சரி. வலது பக்கம் சுத்து, சரி," என்றார் தொரை. காகிதத்தில் எழுதியதை ஒன்றும் மறக்காதவர். "அழகுமுத்து, கீழே உருவிச்சா பாரு."

டோர்ச் மெல்லக் கீழே இறங்கியது. கறுப்புக் கோட்டின் பித்தான்கள் ஒவ்வொன்றாக மின்னின. தொரைசானியும் குனிந்து பார்த்தாள்.

இடுப்புக்குக் கீழே சிவசாமி ஒன்றும் உடுத்தியிருக்கவில்லை.