மொக்கனுக்கு எட்டு

சாத்திய அறைக்குள் பால் நக்கும் சத்தம் கேட்டபோது தயாளினிக்குப் பயம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. பதினேழு வருடம் அவள் காலைச் சுற்றி வந்து, கடைசி மாதம் கண்ணும் தெரியாமல் அவள் மடியிலேயே உயிரை விட்ட மொக்கன் என்ற பூனையை வாழைத்தோட்டத்து ஓரத்தில் புதைத்து அன்றைக்கு எட்டாம் நாள். புருசன் போனபிறகு அந்த வீட்டில் அவளைத் தவிர மூச்சு விட்ட ஒரே சீவன் அது.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும் என்று, செத்த மனிதருக்கு எட்டாம் நாள் படைக்கிற எட்டை அவள் மொக்கனுக்குச் செய்தாள். சூடைமீன் பொரித்து, பால் காய்ச்சி ஆற்றி, விளக்கின் முன்னால் வாழையிலையில் படைத்து, "வா ராசா, வந்து சாப்பிடு" என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பக்கத்து வளவு மார்க்கண்டர் காலையிலேயே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்திருந்தார்.

"பூனைக்கு ஆரும் எட்டுச் செய்வினமே, பிள்ளை?"

"என்ரை பிள்ளைக்குச் செய்யிறன், அண்ணை."

அவர் சிரிப்பு நின்றது. "சரி. பொழுதுபட முன்னம் படையலைச் சந்தியிலை கொண்டுபோய் வைச்சிட்டுத் திரும்பிப் பாராமல் வா. வீட்டுக்கை விடாதை. செத்தும் எட்டுக் காணாத சனம் இந்த மண்ணுக்கை கனக்கப் புதைஞ்சு கிடக்கு."

ஓம் என்று தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. சந்தியில் வைப்பதென்றால் மொக்கனை ஒரேயடியாக அனுப்பிவிடுவது. அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

பொழுது பட்டது. கார்த்திகை மழை தகரத்தில் சடசடக்க, ஈர வாழைச்சருகின் மணமும் பொரித்த மீனின் மணமும் ஒன்றாய்க் கலந்து கதவிடுக்கால் வர, அவள் தரையில் குந்தியிருந்து கதவுப் பலகையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நக்கும் சத்தம் ஓயவில்லை. அவள் வைத்தது ஒரு சின்னக் கிண்ணம் பால். அரைமணி நேரம் நக்க அதில் என்ன இருக்கிறது?

பிறகு மீன்முள் நொறுங்கியது. மொக்கனுக்கு மிஞ்சியிருந்தது இரண்டே பல். அவள்தான் முள் எடுத்து, பிசைந்து ஊட்டுவாள்.

மீன் மணம் போய்விட்டது. இப்போது கிண்டிய செம்மண்ணின் மணம்.

"மொக்கன்?"

எல்லாச் சத்தமும் நின்றது.

ஓர் இருமல். மனித இருமல். தொண்டையில் சேறு அடைத்த இருமல்.

எழும்பினாள். மார்க்கண்டர் வீட்டுக்கு ஓடிவிடலாம். இருபது அடிதான்.

அப்போது உள்ளே மொக்கன் குறுகுறுத்தான். அவளுக்குத் தெரியாத குறுகுறுப்பா? அவன்தான். அவனேதான். அவனை உள்ளே இருமியதோடு விட்டுவிட்டு எப்படிப் போவது?

தாழ்ப்பாளை இழுத்தாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையைச் சுற்றி, சுவர்வரை, அறை கொள்ளாமல் சனம். ஆண்கள். பெண்கள். சின்னப் பிள்ளைகள். தலைமுதல் கால்வரை செம்மண். ஒருத்தியின் மடியில் மொக்கன் கண்மூடிக் கிடந்தான். அவனைத் தடவிய விரல்களில் தோல் இல்லை.

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது.

பின்னால் விறாந்தையில் ஈரக் கால்கள் வந்து நின்றன. இன்னும் வந்தன. வாழைத்தோட்டம்வரை வரிசை.

முன்னால் இருந்தவன் நக்கித் துடைத்த இலையைத் தூக்கி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.