பூஜ்யம் பார்க்கும் கை

அதிகாரி குலசேகரன் நாணமானியின் பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். சுவரின் பாதியை அடைத்திருந்த வட்டத்தில் முள் அசையாமல் கிடந்தது.

“பூஜ்யம் சரி,” என்று சொல்லிப் பட்டையைக் கழற்றி, துணியால் துடைத்து, அல்லியிடம் நீட்டினார்.

கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போதும் இப்படித்தான் தொடங்கும். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒருவருடைய கை வேண்டும். அதிகாரிக்கு எந்தக் கட்டடத்திலும் பங்கில்லை. அதனால் அவர் கையே போதுமானதாக இருந்தது.

அல்லி பட்டையைக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினாள். முள் உடனே முப்பதுக்குப் போனது. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற சாதாரணக் கூச்சம் அது. அறுபதைத் தாண்டி நின்றால்தான் அனுமதி.

சட்டம் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். முன்பெல்லாம் நிறுவனங்கள் தலையணைப் பருமனுக்கு அறிக்கை கொண்டுவரும். யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று எல்லா அறிக்கையும் சொல்லும். பிறகு தோலின் சூட்டையும் ரத்தத்தின் ஓட்டத்தையும் வைத்து வெட்கத்தை மட்டும் பிரித்து அளக்கும் கருவியைக் கண்டுபிடித்தார்கள். தான் செய்யும் கெடுதல் தெரிந்தவன் வெட்கப்படுவான், வெட்கப்படுகிறவன் பார்த்துக் கட்டுவான், வெட்கமில்லாதவனுக்கு அனுமதி கிடையாது என்று விதி எழுதினார்கள்.

முதலில் நிறுவன முதலாளிகள் வந்து நின்றார்கள். முள் எழவே இல்லை. நடிகர்களைக் கூட்டிவந்தார்கள். கண்ணீர் வந்தது, முள் வரவில்லை. இரண்டு தேவை என்று மெதுவாகப் புரிந்தது. நிற்கிறவர் பிறவியிலேயே கூச்சப்படுகிறவராக இருக்க வேண்டும். கட்டடத்தைப் பற்றிய முழு உண்மையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி உண்டானதுதான் நாணேற்பாளர் வேலை. ஜனங்கள் வெட்கக்காரி என்றார்கள்.

அல்லி ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பாடத்தைப் படிக்கச் சொல்லி எழுப்பியபோது குரல் வரவில்லை. வகுப்பு சிரித்தது. மறுநாள் பள்ளி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். அதன்பின் கடையில் நின்று உப்பு கேட்கக்கூட வாய் வராது. இந்த வேலையில் பேச வேண்டியதில்லை. உலகத்தில் அவள் முகம் சிவப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது இங்கே மட்டும்தான். முந்தைய கட்டடங்களில் அவளுக்குச் சொன்னதெல்லாம் வெட்டப்படும் மரங்கள், மறைக்கப்படும் வெயில். அதற்கே முள் அறுபதைத் தொட்டுவிடும்.

இன்று காலை காரில் வரும்போது பொறியாளர் தியோடர் உண்மையைச் சொன்னார். கூட்டத்துக்கு வரும் வழியில் சொல்வதுதான் வழக்கம். அப்போதுதான் சூடு ஆறாது.

“சாப்ட்டியாம்மா?” என்று முதலில் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

“முப்பது மாடி ஆபீஸ். இப்ப குடியிருப்புப் பகுதின்னு இருக்கற நிலத்த வணிகப் பகுதியா மாத்தணும். அது பள்ளமான எடம். ஏரி நெறஞ்சா மிச்சத் தண்ணி அங்கதான் வந்து நிக்கும். நாங்க மண்ணடிச்சு ஆளுயரத்துக்கு ஏத்துறோம். அப்ப தண்ணி எங்க போகும்?”

அவள் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

“எதிர்ல செவ்வந்தித் தெருவுக்குள்ள போகும். ஒரு நல்ல மழைக்குத் தரைத்தளம் முழுகிடும். எழுந்து ஓட முடியாதவங்க யார் யார் எந்த வீட்ல இருக்காங்கன்னுகூட விசாரிச்சு வச்சிருக்கோம். உனக்குச் சொல்றதுக்காகத்தான் விசாரிச்சதே.” கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். “இது போதும். இன்னிக்கி எண்பது வரும்.”

வேறு யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. பேசவே பேசாத பெண்ணிடம் எதையும் சொல்லலாம்.

குலசேகரன் திட்டத்தை வாசித்தார். செவ்வந்தித் தெருக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து சுவரையும் அல்லியையும் மாறிமாறிப் பார்த்தார்கள். முள் ஐம்பதில் இருந்தது.

இட்லி மாவு விற்கும் ஜமீலா எழுந்தாள். கையில் தண்ணீர் பாட்டில்.

“இந்தா பாப்பா, ஒரு வாய் குடி. எப்பிடி வேர்க்குது பாரு.” மேடையில் வைத்துவிட்டுத் தெருக்காரர்களிடம் திரும்பினாள். “இந்த மூஞ்சியப் பாருங்க. இப்பிடிக் கூச்சப்படற புள்ள நமக்குக் கெடுதல் செய்யுமா? போன தடவ வந்தானே ஒருத்தன், கல்லு மாதிரி நின்னான். அவனெல்லாம் மனுசனா?”

“உனக்கு எதுனா ஆட்சேபணை இருக்காம்மா?” என்றார் குலசேகரன்.

“பெருசா ஒண்ணுமில்ல சார். எங்க வீட்டுக்காரர் இடுப்பொடிஞ்சு தரையிலேயே கெடக்கார். ராத்திரில லாரி சத்தம் கேட்டா தூங்க மாட்டார். அத மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க.”

“பாத்துக்கறோம்மா,” என்றார் தியோடர் கனிவாக.

முள் எழுபத்தைந்துக்குப் போனது. எண்பது. எண்பத்தாறு. கூட்டம் வாய்விட்டு வியந்தது. ஜமீலாவின் கண் கலங்கியது. நமக்காக ஒருத்தி இவ்வளவு வருந்துகிறாளே என்று அவள் நினைத்தாள். குலசேகரன் முத்திரையை எடுத்தார்.

அல்லிக்குக் காது எரிந்தது. தன் வெட்கம்தான் அந்த முத்திரையை மேலே தூக்குகிறது என்று பார்த்தாள். வெட்கப்பட வெட்கப்படத் தண்ணீர் ஏறுகிறது. நிறுத்த நினைத்தால் இன்னும் ஏறுகிறது.

“சார்,” என்றாள்.

அவள் குரலை அந்த மன்றத்தில் யாரும் கேட்டதில்லை. அது வகுப்பறையில் வராமல் போன குரல். நடுவில் உடைந்து, திரும்ப வந்தது.

“லாரி இல்லக்கா. தண்ணி. மண்ணடிச்சு ஏத்துறாங்க. ஏரித் தண்ணி ஒங்க வீட்டுக்குள்ள வரும். ஒங்க வீட்டுக்காரர் தரையில கெடக்கறது அவங்களுக்குத் தெரியும். காலைல எங்கிட்ட சொன்னாங்க.”

“அல்லி, கீழ எறங்கு,” என்றார் தியோடர்.

“பட்டை கட்டினவங்கள இடைமறிக்கக் கூடாது,” என்றார் குலசேகரன். அது விதி.

அவள் மீதியையும் சொன்னாள். மழை எவ்வளவு பெய்தால் எந்த வீடுவரை, யார் யார் எழுந்திருக்க முடியாதவர்கள், எல்லாம். சொல்லச்சொல்ல முள் இறங்கியது. அறுபதுக்குக் கீழே வந்தது. கூச்சத்துக்கான முப்பதும் கரைந்தது. அவள் முடித்தபோது பூஜ்யத்தில் நின்றது.

குலசேகரன் முத்திரையைக் கீழே வைத்தார். விதியில் இதற்கு ஒரே வரிதான் இருந்தது. அதை வாசித்தார். “விண்ணப்பதாரரிடம் வெட்கம் காணப்படவில்லை. அனுமதி மறுக்கப்படுகிறது.”

தியோடர் அவளைப் பார்க்காமலே வெளியேறினார். வேலை போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்து என்ன என்று மட்டும் தெரியவில்லை. பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

அடுத்த விண்ணப்பம் காத்திருந்தது. ஒரு கணினிப் பூங்கா. அதன் நாணேற்பாளன், மீசை அரும்பாத மெலிந்த இளைஞன், வாசலில் தலைகுனிந்து நின்றான்.

குலசேகரன் வழக்கம்போலப் பட்டையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். முள் நாற்பதில் நின்றது.

கழற்றித் துடைத்து மறுபடி கட்டினார். நாற்பத்தெட்டு. இத்தனை வருஷம் எண்பதைப் பார்த்தெல்லாம் அவர் முத்திரை குத்தியிருந்தார். அந்த எண்பதுகளுக்குள் என்ன இருந்தது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“கருவி கெட்டுப்போச்சு போல,” என்று முணுமுணுத்து உதவியாளரைக் கூப்பிட்டார். அவர் கையில் முப்பத்தைந்து. குலசேகரன் தெருக்காரர்களில் யாராவது ஒருவரை வரச் சொன்னார். “ஜமீலாக்கா நீங்க போங்க, மாவாட்டுற கை, சுத்தமா இருக்கும்,” என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

ஜமீலா பட்டையைக் கட்டினாள். ஐம்பத்திரண்டு.

அவள் முள்ளையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “எங்க தெருவக் கட்டினப்பவும் ஒரு வெட்கக்காரப் பையன்தான் நின்னான் சார். அழுதுட்டே நின்னான். எதுக்கு அழுவறேன்னு நாங்க கேக்கல. எங்களுக்குப் பின்னால குடிசைங்க இருந்துச்சு. இப்ப இல்ல.”

பூஜ்யம் பார்க்காமல் கூட்டம் நடத்த முடியாது. கூட்டம் நடக்காமல் நகரம் கட்ட முடியாது. குலசேகரனின் பார்வை மன்றத்தைச் சுற்றி வந்து, கதவருகே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அல்லியிடம் நின்றது.

“ஏம்மா,” என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. “கொஞ்சம் கையக் குடு. பூஜ்யம் பாக்கணும். ஒரு நிமிஷம்தான்.”

கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு எப்போதும் வராது. திரும்பி வந்து கையை நீட்டினாள். அவரே பட்டையைக் கட்டினார். முள் சரசரவென்று கீழிறங்கிப் பூஜ்யத்தில் படுத்தது.

“அப்பாடா,” என்று குலசேகரன் மூச்சு விட்டார். வாசலைப் பார்த்து அழைத்தார். “அடுத்த விண்ணப்பம். உள்ள வரலாம்.”

அந்த இளைஞன் படியேறி வந்தான். உண்மையைக் கேட்டுவிட்டு வந்தவனின் முகம் எப்படியிருக்கும் என்று அல்லிக்குத் தெரியும். அவன் அவளைப் பார்த்தான். அவள் மணிக்கட்டைப் பார்த்தான். தன் பூஜ்யத்தில்தான் இவனுடைய கூட்டம் தொடங்குகிறது என்று அவளுக்கு உறைத்தது.

சுவரில் முள் லேசாகத் துடித்து எழுந்தது.

குலசேகரன் அவள் கையை விடவில்லை. “அசையாதம்மா,” என்றார். “ஒரு நிமிஷம். அசையாம இரு.”

அவள் அசையவில்லை. முள் ஏறிக்கொண்டே இருந்தது.