ஐந்தாவது மைக்

“ஆணியில சாவி இல்லன்னா தம்பிகிட்டதானே இருக்கும்? அவரையே கேட்டிருக்கலாமே,” என்றார் பண்ணைக்காரர், பண்ணை வாசலில் நின்று தன் பிக்கப்பின் மாற்றுச்சாவியை நீட்டிக்கொண்டே.

“அவன் சாப்பிடப் போயிருக்கான்,” என்றான் பெரியவன். போயிருக்கிறானா என்று அவன் பார்க்கவில்லை.

“வண்டியில அந்தத் தட்டுற சத்தம் எங்கேருந்து வருதுன்னு தம்பி ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்கு நிம்மதி. அவரு காதுதான் காது. தப்பா எடுத்துக்காதீங்க.”

பெரியவன் சிரித்து வைத்தான். பதினெட்டு வருஷமாக அந்த ஒர்க்‌ஷாப்பில் கிரீஸில் புரள்பவன் அவன். பின்னால் வந்த தம்பி சின்னவனோ வண்டிக்கு அடியில் படுத்து, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பிலும் பிடியைக் காதிலும் வைத்து, ஏதோ ஒரு பாட்டை முனகியபடியே “இங்கதான்” என்று விரல் வைப்பான். கோளாறு அங்கேதான் இருக்கும். வீட்டில் வாஷிங் மெஷின் உறுமினால்கூட, கட்டிய புருஷன் எதிரே நிற்கும்போதே, மனைவி சொல்வாள்: “சின்னவரைக் கொஞ்சம் கேட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்.”

அதற்காகத்தான் அந்த மைக் பெட்டியை ரகசியமாக வாங்கினான். இரும்பைக் கவ்விக்கொள்ளும் ஐந்து குட்டி மைக்குகள், ஒயர் இல்லாத ஒரு ஹெட்ஃபோன், எந்த மைக்கைக் கேட்பது என்று மாற்ற ஒரு திருகு. காலையிலேயே நான்கை மாட்டிவிட்டான்: கியர்பாக்ஸ், முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில். ஐந்தாவதைப் பெட்டியில் காணவில்லை. மத்தியானம் ஆணியில் சாவியையும் காணவில்லை. யார் எடுத்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் முதலில் கண்டுபிடித்துவிடுவான் என்று அவனுக்குப் பயம், பொறாமை பிடித்தவன்.

திரும்பி வந்தபோது ஒர்க்‌ஷாப்பில் ஆளரவம் இல்லை. தகரக் கூரை மட்டும் வெயிலில் முறுக்கிக்கொண்டு சொடக்குப் போட்டது. ஹெட்ஃபோனை மாட்டினான், ஸ்டார்ட் செய்தான், எடுத்தான். நகர்ந்த கணத்தில் அடியில் ஒரு ‘தொம்’. சந்தோஷத்தில் நோட்டில் கிறுக்கினான்: கிளம்பும்போது ஒருமுறை. மெத்தென்று.

ஊர் தாண்டிய மண் சாலையில், சூடான ஆயில் வாசனை கால்களுக்கிடையே ஏறிவர, ஒன்றிலிருந்து நான்குவரை திருகை மெல்ல மாற்றி மாற்றி, ஒவ்வொரு பல்சக்கரமும் தன் பக்கத்துச் சக்கரத்தோடு பேசுவதை மூச்சடக்கிக் கேட்டபடியே ஓட்டினான். நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன் ஆக்ஸில் கூடச் சேர்ந்து பாடியது, தட்டல் மாறவில்லை. எடுத்தான். அப்போதும் மாறவில்லை. அப்படியானால் முன்பக்கம் இல்லை. பின்னால்தான். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல், காது ராஜா இல்லாமல், அவனே கண்டுபிடித்துவிட்டான்.

திருகு ஐந்துக்கு நழுவியது.

அங்கே வெறும் கரகரப்புதான் கேட்க வேண்டும். ஐந்தாவது மைக் ஒர்க்‌ஷாப்பில் சின்னவன் ஒளித்த இடத்தில் கிடக்கிறது. இவ்வளவு தூரம் எட்டாது. ஆனால் கல் தெறித்தது. மண் உரசியது. ஏதோ ஈரத்துணி சுழன்று சுழன்று அடித்தது. அதற்கும் அடியில், சின்னவன் முனகும் அந்தப் பாட்டு.

டக். டக்.

இரண்டு தட்டு. அடியில் படுத்திருப்பவன் இன்ஜினை நிறுத்தச் சொல்லும் தட்டு. அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது.

போன் அதிர்ந்தது. ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினான். பண்ணைக்காரர்.

“வண்டிய எடுத்துட்டீங்களா? நான் ஒர்க்‌ஷாப்புல நிக்கிறேன். தம்பி செருப்பு மட்டும் கிடக்கு, வண்டி நின்ன எடத்துல. தரையில என்னமோ கொட்டியிருக்கு.” குரல் தாழ்ந்தது. “ஆயில்தானே இது?”

சாவி.

அடியில் படுப்பவன் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும், தெரியாமல் யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது. அந்த விதியைப் போட்டவன் பெரியவன்.

பிரேக். சாவியைத் திருகினான். இன்ஜின் அடங்கியது.

பாட்டு அடங்கவில்லை.

இறங்கினான். முட்டி போட்டான். குனிந்தான்.

யாருமில்லை. பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீள ஷாஃப்டில் சின்னவனின் நீலச் சட்டை, கயிறுபோல, இறுக்கிச் சுற்றியிருந்தது. காலரைக் கவ்வியபடி ஐந்தாவது மைக். சக்கரங்கள் நின்றிருந்தன. இன்ஜின் செத்திருந்தது. ஷாஃப்ட் மட்டும் மெதுவாக, மிக மெதுவாக, சுற்றிக்கொண்டிருந்தது.

பாட்டு நின்றது. ஹெட்ஃபோனில் மூச்சிரைப்பு. பிறகு, கண்டுபிடித்துவிட்டால் வரும் அந்தக் குதூகலக் குரல்.

“அண்ணே, நான் கண்டுபுடிச்சுட்டேன். நீ சொல்லு பாப்போம், சத்தம் எங்கேருந்து வருதுன்னு நினைக்கிற?”