நடு அத்தைக்கு மூத்தது

மாமனாரின் குரல் இருக்கும் ஒரே கேசட், ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு.

மனைவியின் தாத்தாவும் பாட்டியும் ஆளில்லாத காட்டை வெட்டித் திருத்தி, அங்கே முதல் வீடு போட்டவர்கள். அந்தக் கதையை முழுதாக அறிந்திருந்த மாமனாரும் போன மாதம் போய்விட்டார். மிச்சம் இந்த நாடா மட்டுமே. தேய்ந்து போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று, பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்கே கருவிகளோடு வந்திருந்தோம்.

"எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டு பேர்" என்பார் மாமனார். அதோடு நிற்கும்.

கேசட்டில் நாடாவை இழுப்பது நாம் பார்க்கும் சக்கரங்கள் அல்ல. மெல்லிய இரும்புத் தண்டு ஒன்று சுழலும். ரப்பர் உருளை நாடாவை அதன்மேல் அழுத்தும். அந்தப் பிடியில்தான் நாடா நகர்கிறது. உருளையைத் துடைத்தேன். பெல்ட்டை மாற்றினேன். நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். அங்கேயே நின்றது. அந்த இடத்தைத் தாண்டிச் சுற்றிப் போட்டால் வெறும் இரைச்சல்.

"மாப்பிள்ளை லட்சணம் தெரிஞ்சுதான் எங்கப்பா வாயை மூடிக்கிட்டாரு போல" என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மோட்டாரைச் சோதிக்க அதன் வயரைக் கழற்றினேன்.

அறையில் ஈர மண் வாசனை எழுந்தது. வெளியே நல்ல வெயில்.

ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது.

சின்ன மூச்சு.

அவள் என் கையைப் பிடித்தாள். ரகசியக் குரலில் கேட்டாள்.

"ஏங்க, அப்பாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே அக்காதான். அப்புறம் ஏன் அவங்கள நடு அத்தைன்னு கூப்பிட்டோம்?"

நடு என்றால் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் வாயும் நின்றது.

பெயர் வைக்கும் முன்பே போனதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நாங்களும் அப்படித்தான். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால், ஒரே பையன் என்போம். அவனுக்கு முன்னால் வந்து, ஆஸ்பத்திரியிலேயே போனதைச் சொல்வதில்லை.

அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். ஸ்பீக்கருக்கு அருகே குனிந்தாள். தூங்கும் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"மூணு பேர். மூத்தது ஒண்ணு இருந்துச்சு."

உருளை சுழன்றது.

மோட்டாரின் வயர் என் கையில் இருந்தது.

மாமனார் பேசிக்கொண்டே போனார். முதல் மழையில் குடிசை ஒழுகியது, கிணறு தோண்டியது, பாட்டி காய்ச்சலில் கிடந்தது. அவர் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம், கதை கேட்கும் குழந்தை போல் யாரோ "ம்" கொட்டினார்கள்.

அவள் அழுதாள். எழுந்து வா என்றேன். வரமாட்டேன் என்று தலையாட்டினாள். நாடா முடியும்வரை ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் முழுதும் பதிந்துவிட்டது. ஊர் திரும்பிப் போட்டுப் பார்த்தபோது, அதுவும் அதே இடத்தில் நின்றது. அதில் நாடாவும் இல்லை, உருளையும் இல்லை.

மகனுக்கு ஒரு பிரதி அனுப்பியபோது ஓட வைக்கும் முறையையும் சொல்லிவிட்டேன். 'ரெண்டு பேர்' என்றதும் நிற்கும். எதையும் கழற்ற வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் 'மூணு பேர்' என்று வாய்விட்டுச் சொன்னால் ஓடும்.